உன் கடைசி ரிட்டர்னில் இடம் இல்லாத பெயர்

ஆம்பூரை விட்டுப் போயும் கடைசி வரை ஆம்பூர்க்காரனாகவே இருந்த என் அண்ணாவுக்கு,

உன் ரிட்டர்ன் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்துவிட்டது. ஒவ்வொரு மார்ச்சிலும் போன் பண்ணி, "இன்னா கலா, ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் முடிச்சுக் குடுக்கற, சொந்த அண்ணன மட்டும் பேஜார் பண்றியே" என்று வம்புக்கு இழுப்பாய். இந்த வருடம் இழுக்க ஆள் இல்லை. உன் பெயருக்குப் பக்கத்தில் காலமானவர் என்று போட்டு, தேதியும் போட வேண்டும். வேலூர் அலுவலகத்தில் உட்கார்ந்து, முகம் பார்க்காத எத்தனையோ அமெரிக்கர்களுக்கு வருமான வரி ரிட்டர்ன் தயாரிக்கிறவள் நான். அந்த வார்த்தையைக் கை தானாகவே அடித்துவிடும். உனக்கு அடிக்கும்போது தேதியை இரண்டு முறை தப்பாகப் போட்டேன்.

இனி உனக்கு ரிட்டர்ன் கிடையாது. ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதை எட்டு மாதமாக என் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும், நீ இல்லை என்று சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

போன ஜூனில் நீ பேசியது ஞாபகம் இருக்கிறதா? நான் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"கலா, ரிடயர்மென்ட்டுக்குன்னு சேத்து வெச்சேனே, அந்த ட்ரெடிஷனல் கணக்குல கெடந்தத மொத்தமா ராத் கணக்குக்கு மாத்திட்டேன். வரிய இப்பவே கட்டித் தொலச்சிட்டா, வயசான காலத்துல எடுக்கும்போது ஒரு டாலர் வரி கெடயாது."

"மொத்தமாவாண்ணா? ஒரே வருஷத்துலயா? வரி ஜாஸ்தியா வருமே. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தக்கூடாதா?"

"அதுக்கு நெறைய வருஷம் வேணுமே," என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்பா பேரணாம்பட்டு டேனரியில் தோல் சுழலும் டிரம் பக்கத்தில் விழுந்து இறந்தபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. போன ஜூனில் உனக்கு நாற்பத்தாறு. உனக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? நெஞ்சில் ஏதாவது வலி வந்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தாயா?

போனை வைக்கும் முன்பு இன்னொன்று சொன்னாய். "நாமினியா உன் பேரத்தான் போட்ருக்கேன். நீ பாத்துக்குவ."

"சரிண்ணா" என்றேன். காட்பாடி வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் அன்றைக்கே திருத்தியிருக்க வேண்டும். என் தொழிலே அதுதான். ஆனால் அண்ணனிடம் பேசும்போது நான் ஆம்பூரில் இருக்கிறேனே தவிர, தொழிலில் இல்லை. நாமினி என்றால் நம் வீட்டில் என்ன அர்த்தம்? அப்பாவின் பிஎஃப் படிவத்தில் என் பெயர் இருந்தது. நான் அப்போது பி.காம். இரண்டாம் வருடம், வீட்டில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கத் தெரிந்தவள் நான்தான் என்று அப்பா போட்டிருந்தார். பணம் என் பெயருக்கு வந்தது. அன்று மாலையே அம்மாவையும் உன்னையும் உட்கார வைத்து மூன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். தோல் வேலை செய்கிற எந்த வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. நாமினி என்றால் வாங்கிவந்து பிரித்துக் கொடுக்கிறவர். யாருக்கும் அதில் சந்தேகம் வந்ததே இல்லை.

அங்கே அமெரிக்காவில் அப்படி இல்லை, அண்ணா. அங்கே பெயர் போட்டால் பணம் அவருக்கே. மனைவி, குழந்தை என்று யாரும் கேட்க முடியாது. நீ கல்யாணத்துக்கு முன்பு அந்தக் கணக்கைத் திறந்தபோது என் பெயரைப் போட்டாய். புதுக் கணக்குக்கு மாற்றும்போது மறுபடியும் அதே பெயர். தோல் படிப்பு படித்து, மிச்சிகனில் கார் சீட்டுக்குத் தோல் பார்க்கிற அளவுக்கு வளர்ந்தாய். இந்த ஒரு படிவத்தை மட்டும் பேரணாம்பட்டு டேனரி ஆபீஸில் நின்றுகொண்டு நிரப்புகிற மாதிரி நிரப்பியிருக்கிறாய்.

ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை, வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்த நீ அப்படியே சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய் என்று சுமதி அண்ணி சொன்னார்கள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததாம். உன் மகள் தியாதான் போய் மூடினாளாம். ஒன்பது வயதுப் பிள்ளை.

நவம்பரில் ஒரு கவர் வந்தது. உன் கணக்கு இருந்த கம்பெனி அனுப்பியது. வாங்கிக் கையெழுத்துப் போட்டது உன் மாப்பிள்ளை. ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர் இல்லையா, எதைக் கையில் எடுத்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தக் கவரையும் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் படித்தேன். கணக்கு முழுவதும் எனக்கு. தொகையைப் பார்த்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது வருடம் கட்டிங் மேசையில் நின்றாலும் அதில் கால்வாசியைப் பார்த்திருக்க மாட்டார்.

"அண்ணிக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

"சரி" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால், ஆசைப்பட்டு ஆடியிருந்தால், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கவரை மடித்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

ஊர் நிலவரம் உனக்குத் தெரியாது. அமெரிக்கா நம் ஷூவுக்கு வரி ஏற்றியதில் ஆர்டர் பாதியாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் காலையில் பார்த்தால், கம்பெனி வேன் வராமல் டிபன் பாக்ஸோடு திரும்புகிற பெண்களைப் பார்க்கலாம். நம் வீட்டிலும் பையனுக்கு ஃபீஸ் இருக்கிறது, நகை அடகில் இருக்கிறது. பேராசையில்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. ஆனால் பேராசை துளியும் இல்லை என்று சொன்னால் அது பொய்.

டிசம்பரிலிருந்து ஒரு விநோதம் நடந்தது. நாங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் வாடகைக்கு இரண்டு நாள் பொறுக்காத வீட்டுக்காரர், "மெதுவா குடும்மா, எங்க போயிடப் போற" என்றார். மளிகைக் கடைக்காரர் நோட்டை எடுக்காமல் சாமானைக் கொடுத்தார். பத்து வருடமாகப் பேசாத ஒன்றுவிட்ட பெரியப்பா மகன் மேல்விஷாரத்திலிருந்து வந்து, "மனை ஒண்ணு இருக்கு, பாக்கறியா" என்று கேட்டுவிட்டு டீ குடித்துப் போனார். யார் சொன்னார்கள்? உன் மாப்பிள்ளையைக் கேட்டேன். "நான் யார்கிட்டயும் சொல்லல கலா, சத்தியமா" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, அமெரிக்கக் கவர் வந்ததைத் தெருவே பார்த்தது போதும் போல. எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். தெருவில் நடக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணி வாரம் ஒரு முறை பேசுவார்கள். ஜோலார்பேட்டை ரயில்வே வீட்டுப் பெண் இல்லையா, எல்லாம் நேரத்துக்கு நடக்கும். சனிக்கிழமை நமக்குக் காலை ஏழு மணி. தியா படிப்பு, பனி, கேஸ் பில் என்று பேசிவிட்டு, வைக்கும் முன்பு ஒன்று கேட்பார்கள்.

"வேற எதாச்சும் இருக்கா கலா?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"சரி, வெக்கிறேன்."

ஒவ்வொரு வாரமும் இது நடந்தது. எல்லாரும் போனை வைக்கும் முன்பு கேட்கிற கேள்விதானே என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் உன் காகிதங்களை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். சம்பளக் காகிதம், வங்கி வட்டி, அப்புறம் 1099-ஆர். பழைய கணக்கிலிருந்து வெளியே போன தொகை அதில் இருந்தது. பெட்டியில் வரிக்குரியது என்று மொத்தத் தொகையும் போட்டு, பக்கத்திலேயே வரிக்குரியது எவ்வளவு என்று முடிவாகவில்லை என்றும் டிக் அடித்திருந்தார்கள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். அந்தத் தொகையை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

நான் போடவில்லை. முன்பு இரண்டு வருடம் உன் சம்பளம் கூடிப்போனதால், வரிக்கழிவு கிடைக்காமல், வரி கட்டிய பணத்தையே அந்தக் கணக்கில் போட்டிருந்தாய். அதைப் பதிவு செய்கிற 8606 படிவங்களை நிரப்பியவளே நான்தான். தேடி எடுத்தேன். அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வரிக்குரியதாகக் காட்டினேன். ரிட்டர்னில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம், ஒன்றில் மொத்தம், இன்னொன்றில் வரிக்குரியது. உனக்காக நான் செய்த கடைசி நல்ல காரியம் அந்த இரண்டாவது கட்டத்துத் தொகையைச் சின்னதாக்கியதுதான்.

சின்னதானாலும் வரி பெரிதாகத்தான் வந்தது. முன்பெல்லாம் மாற்றியதைத் திரும்பப் பழையபடி மாற்றிக்கொள்ள வழி இருந்தது. இப்போது அதை எடுத்துவிட்டார்கள். மாற்றினால் மாற்றியதுதான், ஆள் செத்தாலும்தான். வருடக் கடைசி போனஸில் வரியைக் கட்டிக்கொள்ளலாம் என்று நீ இருந்திருக்கிறாய். போனஸ் எங்கே வந்தது?

தொகையை அண்ணியிடம் சொன்னேன்.

"அவ்ளோவா?"

"ஆமா அண்ணி. அவரு மாத்துன வருஷத்துக் கணக்குலயே கட்டணும்."

"கட்டிட்டா அந்தக் கணக்குல இருக்கறதுக்கு அப்புறம் வரியே கெடயாது, அதானே?"

"ஆமா அண்ணி."

"சரி. கட்டறேன். வேற எதாச்சும் இருக்கா?"

அண்ணா, நான் அந்த இடத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? ஒண்ணும் இல்ல அண்ணி என்றேன். என் பெயருக்கு வரப்போகிற பணத்துக்கு அவர்கள் வரி கட்டப் போகிறார்கள். அந்த ரிட்டர்னில் உன் பெயர் இருக்கிறது, அண்ணி பெயர் இருக்கிறது, தியா பெயர் இருக்கிறது. பணம் யாருக்கு என்று எழுத ஒரு கட்டம் கூட இல்லை. என் பெயர் எங்கேயும் இல்லாமல், முழுவதும் என் கையால் நிரப்பினேன்.

மார்ச் கடைசியில் அண்ணி உன் காரை விற்றார்கள். நீ கழுவிக்கொண்டிருந்த அதே கார். "வித்துட்டேன் கலா, வரிக்கு ஆச்சு. தியாதான் ரெண்டு நாளா அழுவறா" என்றார்கள். பிறகு வழக்கம்போல அதே கேள்வி. நானும் வழக்கம்போல அதே பதில்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். முதல் வாரம், அவர்கள் அழுதுகொண்டிருக்கும்போது பணப் பேச்சு எதற்கு என்று விட்டேன். அடுத்த மாதம், வழி என்ன என்று தெரிந்துகொண்டு சொல்லலாம் என்றேன். அதற்கு அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வந்து நின்றுகொண்டது. அது வாரா வாரம் வளர்ந்தது. கடைசியில் பணத்தை விட அந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

வழி ஒன்று இருப்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நீ போன நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள், ஒரு டாலரையும் தொடாமல், எனக்கு இது வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்தால் நான் உனக்கு முன்பே செத்துப் போனது மாதிரி கணக்கு. இரண்டாவது பெயர் எழுதும் இடத்தை நீ காலியாக விட்டிருக்கிறாய். காலியாக இருந்தால் மனைவிக்கு என்பது அந்தக் கம்பெனியின் விதி. இதை அண்ணிக்குக் கொடுங்கள் என்று நான் எழுதவே கூடாது, எழுதினால் செல்லாது. பிரித்துக் கொடுக்க எனக்கு அங்கே உரிமை இல்லை. வேண்டாம் என்று சொல்ல மட்டும்தான் இருக்கிறது.

வாங்கியே கொடுக்கலாமே என்பாய். என் கைக்கு வந்தால் இந்த வீட்டுக்குள் வரும். வந்தது முழுவதும் திரும்பிப் போகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உன் மாப்பிள்ளையைச் சொல்லவில்லை, என்னையே சொல்கிறேன்.

போன வாரம் அதை டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்தேன். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. உன் மாப்பிள்ளை எடுத்து, பழக்கம் போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அனுப்பப் போறியா?"

"ஆமாங்க."

"அனுப்பு. நான் தடுக்கல. எனக்கு ஆச இல்லன்னு சொல்லல, இருந்துச்சு. மேல்விஷாரம் மனையப் போயி பாத்துட்டுக் கூட வந்தேன்." காகிதத்தை மேசையில் திரும்ப வைத்தார். "ஆனா ஒண்ணு. இந்தப் பேப்பரு அங்க போயி, பணம் அவங்களுக்கு வந்தா, எங்கேந்து வந்துச்சுன்னு தெரியும் இல்ல? இவ்ளோ நாளு ஏன் சொல்லலன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

இரண்டு நாள் அந்தக் காகிதம் மேசையிலேயே கிடந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டோம்.

நேற்று சனிக்கிழமை. அண்ணி கூப்பிட்டார்கள். தியா, பள்ளிக்கூடம், மழை எல்லாம் பேசினார்கள். பிறகு, "வேற எதாச்சும் இருக்கா கலா?"

"இருக்கு அண்ணி" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நவம்பர் கவர், உன் நாமினி, அந்தக் காகிதம், காரை விற்றபோது நான் வாய் திறக்காதது, எல்லாம். அழுதுகொண்டுதான் சொன்னேன். அவர்கள் நடுவில் ஒரு தடவை கூட குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் சொன்னார்கள்.

"எனக்குத் தெரியும் கலா."

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு லேப்டாப்ப வெச்சிக்கிட்டு உங்க அண்ணன் மாத்தும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். ஏன் என் பேரு இல்லன்னு சண்ட போட்டேன். 'எங்கப்பா பிஎஃப்ப ஒரு ரூபா கொறயாம பிரிச்சுக் குடுத்தவ அவ. அவ பேர்ல இருந்தா உன் பேர்ல இருக்கற மாரிதான்'னாரு. சிரிச்சாரு. நானும் சரின்னு உட்டுட்டேன்."

"அண்ணி..."

"ஒவ்வொரு வாட்டியும் கேட்டேனே கலா. வேற எதாச்சும் இருக்கான்னு. எத்தினி வாட்டி கேட்டேன்? கார வித்த அன்னிக்குக் கூட கேட்டேன்."

திட்டவில்லை, அண்ணா. குரல் கூட ஏறவில்லை. கேஸ் பில் பற்றிப் பேசுகிற அதே குரல். உன் நம்பிக்கையை எட்டு மாதமாக அவர்கள் ஒருவர்தான் காப்பாற்றி வைத்திருந்தார்கள். நானோ வாரா வாரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்திருக்கிறேன், அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும்போது. என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"பேப்பர் நாளைக்கே போயிடும் அண்ணி" என்றேன்.

"வரட்டும்" என்றார்கள்.

மறுநாள் ஞாயிறு, கூரியர் கிடையாது என்பது கூட எனக்கு உறைக்கவில்லை. நாளை, திங்கள் காலை வேலூரில் கொடுக்கிறேன். நாலைந்து நாளில் போய்விடும் என்கிறார்கள். கெடுவுக்கு முன்பு இரண்டு நாள் மிஞ்சும். உன் மாப்பிள்ளை தானும் வருகிறேன் என்றார். அவர் வருவது கொடுப்பதற்கா, நடுவில் என் மனசை மாற்றுவதற்கா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படி நினைக்கிறவளாகவும் இந்தப் பணம் என்னை ஆக்கிவிட்டது. காகிதத்தை என் டிபன் பைக்குள் வைத்துத் தைத்தாற்போல் பின் குத்தி வைத்திருக்கிறேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன், அண்ணா. அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்த செய்தி வரும் வரை நான் பின்தொடர்ந்துகொண்டே இருப்பேன். அடுத்த வருடம் அண்ணியின் ரிட்டர்னை, அவர்கள் அனுமதித்தால், நானே போடுவேன். ஒவ்வொரு கட்டத்தையும் அவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் சொல்ல வேண்டியதைச் சொல்லுவேன்.

அவர்கள் அனுமதிப்பார்களா என்றுதான் தெரியவில்லை. நேற்று "வரட்டும்" என்ற பிறகு நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வேற எதாச்சும் இருக்கா என்று அவர்கள் கேட்கவில்லை. வைத்துவிட்டார்கள்.

நீ பெயர் எழுதி நம்பிய,
உன் ஒரே தங்கச்சி,
கலா